மகன் போட்ட பனியன்... தாய் போர்த்தும் போர்வை!

ஸ்ரீமதுரை பக்கம் மழை பிடித்தால் லேசில் விடாது.

நீலகிரி என்றதும் எல்லோருக்கும் ஊட்டிக் குளிர்தான் ஞாபகம் வரும். ஆனால் கூடலூர் பக்கம் கதையே வேறு. இங்கே குளிரைவிட மழைதான் எமன். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் கொடியில் போட்ட துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட வேண்டும். காய்ந்த பிறகு எடுத்து மோந்து பார்த்தால் சட்டையில் புகை வாடை!

கொடியில் கிடக்கிற துணிக்கே இந்தக் கதி. அப்படியானால் தகரப் பெட்டிக்குள் வருஷக் கணக்கில் மடித்து வைத்திருக்கும் துணியின் கதி?

அப்படி ஒரு பெட்டியைப் பற்றிய சங்கதிதான் இது. பெட்டிக்குள் பட்டுச் சேலை இல்லை. ஜரிகை வேட்டி இல்லை. இருப்பதெல்லாம் பழைய டீ-சர்ட்!

"எங்க வீட்லயும் ஒரு மூட்டை கெடக்குதே!" என்கிறீர்களா? கிடக்கும். கிடக்காத வீடு எது?

பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குக் கொடுத்த மஞ்சள் பனியன். செவன்ஸ் கால்பந்து ஆட்டத்தில் நம்பர் போட்டுக் கொடுத்த ஜெர்சி. கேரளா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் ஆயிற்றே, பந்தாட்டம் இல்லாமல் இருக்குமா? கல்லூரிச் சுற்றுலாவுக்கு எல்லோரும் ஒரே கலரில் அடித்துப் போட்டது. கடை திறப்பு விழாவில் ஓசியில் வந்தது. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கி, கழுத்து தொளதொளவென்று ஆகும் வரை போட்டுக் கிழித்தது.

போட்டவன் ஊரில் இல்லை. டீ-சர்ட் மட்டும் இருக்கிறது.

ஆள் போனான், துணி இருக்கு

ஸ்ரீமதுரை, மண்வயல் பக்கம் தேயிலை உண்டு, நெல் உண்டு, இஞ்சி உண்டு, மிளகு உண்டு. எல்லாம் இருந்தும் 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது மலையில் பல குடும்பங்களுக்குக் கை ஒடிந்தது. பையன்கள் பஸ் ஏறினார்கள். கோவைக்கும் திருப்பூருக்கும் போனார்கள்.

வேடிக்கை பாருங்கள்! திருப்பூரில் அவர்கள் தைக்கப் போனதும் இதே பனியன்தான்.

பிள்ளை போன பிறகு வீட்டில் அவன் அலமாரியைத் திறப்பது தாய் ஒருத்திதான். வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியைக் கவிழ்த்து வெயிலில் போடும்போது நடக்கிற பேச்சு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"இதெல்லாம் எதுக்கும்மா? தரை தொடைக்க ஆகும், கிழிச்சுப் போடு."

"இருக்கட்டும்டி. உங்கண்ணன் அஞ்சாம் வகுப்புல ஓடி ஜெயிச்சது."

"அது ஓட்டையா இருக்கு."

"ஓட்டை இருந்தா என்ன? கெடக்கட்டும் போ!"

மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும். பாச்சை உருண்டை இரண்டு போடுவார்கள். பூச்சி வராது, வாஸ்தவம். ஆனால் பூஞ்சைக்குப் பாச்சை உருண்டை பயப்படாது! ஈரம் பட்ட பருத்தியில் கரும்புள்ளி விழுந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் அசையாது. மடித்த மடிப்பிலேயே நாள்பட்டுக் கிடந்தால் மார்பில் அச்சடித்த படமும் எழுத்தும் பாளம் பாளமாக வெடிக்கும். பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாமல் இழந்துகொண்டிருக்கிறோம்.

அதற்கு வழி? வெட்டித் தைத்துப் போர்வை ஆக்கிவிடுவது!

புதுசு இல்லை, பழசுதான்

டீ-சர்ட்டின் மார்புப் பக்கத்தைச் சதுரமாக வெட்டி, சதுரத்தோடு சதுரம் சேர்த்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைத்தால் போர்வை. வெள்ளைக்காரர்கள் இதைக் 'குவில்ட்' என்பார்கள். அமெரிக்காவில் டீ-சர்ட்டைத் தபாலில் அனுப்பினால் போர்வையாகத் தைத்துத் திருப்பி அனுப்ப கம்பெனிகளே இருக்கின்றன.

"அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதா?" என்று கேட்டால், இல்லவே இல்லை. பழந்துணியை அடுக்கித் தைப்பது நம் நாட்டுப் பாட்டிமார் கலை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையில் இருந்தே நூல் உருவி, ஓட்டுத் தையல் போட்டால் அது காந்தா. கூடலூரில் இருந்து எட்டிப் பிடிக்கிற கர்நாடகத்தில் அதுவே கௌதி. அங்கே வட கன்னட மாவட்டத்துக் காடுகளில் சித்தி இனப் பெண்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்களின் வம்சம். அவர்கள் தைக்கும் கவந்திப் போர்வையின் நாலு மூலையிலும் சின்னச் சின்ன ஒட்டுத் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறதாம்!

பீகாரில் சுஜனி. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் தைத்த விரிப்பில் சுற்றுவது அங்கே வழக்கம். நம் வீடுகளில் மட்டும் என்ன? பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி போடுவோமா? தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தானே சுற்றுகிறோம்? அம்மாவின் சேலைதானே தூளி?

ஆக, பழந்துணியில் ஆளின் வாசம் இருக்கிறது என்பது யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

துவைத்தால் வாசம் போச்சு!

டீ-சர்ட் போர்வை தைக்கச் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றே ஒன்று: நன்றாகத் துவைத்துக் காய வையுங்கள். துவைக்காத துணியில் கேன்வாஸ் ஒட்டாது. அழுக்கும் வியர்வையும் உள்ளே இருந்தால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். நியாயமான பேச்சு.

ஆனால் போட்டவன் உயிரோடு இல்லை என்றால்?

விபத்திலோ வியாதியிலோ பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ஒரு சட்டை துவைக்காமல் இருக்கும். தலையணைக்கு அடியில் இருக்கும். செத்தவர் துணி வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாடையோடு கொஞ்சம் போகும். தானமாகக் கொஞ்சம் போகும். ஆற்றோடு கொஞ்சம் போகும். எல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்கிற தாயிடம் போய், "சோப்புப் போட்டு அலசுங்கம்மா" என்று சொல்ல எந்த தையல்காரருக்கு மனசு வரும்?

துணிக்கும் சாவுக்கும் உள்ள சம்பந்தத்தை இந்த மாவட்டத்தில் நன்கு அறிந்தவர்கள் தோடர்கள். ஊட்டி மேட்டு நிலத்தில் வாழும் அவர்களின் வெள்ளைப் போர்வை புத்துக்குளி. சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்தது. 2013-ம் ஆண்டு அந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுற்றுலாக்காரர்கள் விலை கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஆனால் தோடர் வீட்டில் ஒருவர் இறந்தால் உடலைச் சுற்றுவதும் அந்தப் பூவேலைப் போர்வைதான். அங்கே நல்ல துணி செத்தவரோடு போகிறது.

டீ-சர்ட் போர்வை அதற்கு நேர் எதிர். போனவரின் துணி இருப்பவர் மேல் கிடக்கிறது. அதனால்தான் பலருக்கு முதலில் ஒரு மாதிரி இருக்கும். "செத்தவன் சட்டையைப் போத்திக்கிட்டுத் தூங்கறதா?" என்பார்கள்.

அப்படித் தயங்குகிறவர்களுக்குச் சொல்ல ஒரு நிஜக் கதை இருக்கிறது. நடந்தது அமெரிக்காவில்.

புதைகுழி அளவுத் துணி

1985-ம் ஆண்டு நவம்பர் மாதம். சான் பிரான்சிஸ்கோ நகரில் மெழுகுவர்த்தி ஊர்வலம். எய்ட்ஸ் நோய் அந்த ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிருந்த நேரம். கிளீவ் ஜோன்ஸ் என்பவர், "செத்துப்போன உங்கள் ஆளின் பெயரை ஓர் அட்டையில் எழுதுங்கள்" என்றார். எழுதினார்கள். ஏணி வைத்து ஏறி அரசாங்கக் கட்டடத்தின் சுவர் முழுக்க அந்த அட்டைகளை ஒட்டினார்கள். தூர நின்று பார்த்தார் ஜோன்ஸ். ஒட்டுப் போட்ட போர்வை மாதிரி இருந்தது!

அப்போது எய்ட்ஸ் என்றால் ஊர் ஒதுக்கியது. பிணத்தைத் தொட மாட்டோம் என்று இறுதிச் சடங்கு நடத்தும் நிலையங்கள் பல கதவைச் சாத்தின. பெற்ற குடும்பமே என்ன நோய் என்று சொல்லாமல் மறைத்தது. கல்லறையில் பெயர் இல்லை; சிலருக்குக் கல்லறையே இல்லை.

அதனால் துணியில் பெயர் தைத்தார்கள். அளவு: 3 அடிக்கு 6 அடி. ஏன் அந்த அளவு? ஒரு புதைகுழியின் அளவு அது! முதல் துணியை 1987-ல் ஜோன்ஸ் தன் நண்பர் மார்வின் ஃபெல்ட்மனுக்காகச் செய்தார். பிறகு ஊர் ஊராக வர ஆரம்பித்தது. அம்மாக்கள் அனுப்பினார்கள், நண்பர்கள் அனுப்பினார்கள். செத்தவர் போட்ட ஜீன்ஸ், கட்டிப் பிடித்துத் தூங்கிய கரடி பொம்மை எல்லாம் தைத்து வந்தது. அவற்றில் டீ-சர்ட்டும் உண்டு.

1987-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. வாஷிங்டன் நகரின் பெரிய மைதானத்தில் அந்தப் போர்வையை விரித்தார்கள். 1,920 துணிகள். ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார்கள். பார்க்க வந்தவர்கள் 5 லட்சம் பேர். மறு வருஷம் அதே அக்டோபரில் மறுபடி விரித்தபோது துணிகள் 8,288! ஒரே வருஷத்தில் நாலு மடங்குக்கு மேல்.

இன்று சுமார் 50 ஆயிரம் துணிகள். அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். எடை 54 டன். சான் பிரான்சிஸ்கோவில் வைத்துக் காக்கிறார்கள்.

நமக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலாகக் கண்டுபிடித்தது சென்னையில்தான். ஆண்டு 1986. கண்டுபிடித்தது டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவி நிர்மலாவும். இங்கேயும் எத்தனையோ வீடுகளில் செத்தவர் பெயரோடு நோயின் பெயரையும் சேர்த்துப் புதைத்தார்கள்.

வாஷிங்டனில் விரித்த போர்வையில் எத்தனை சட்டை துவைத்தது, எத்தனை துவைக்காதது என்று யாரும் கேட்கவில்லை. அது போர்த்துவதற்கு இல்லை, விரித்துப் பார்ப்பதற்கு. வீட்டுப் போர்வைக்குச் சட்டம் வேறு. துவைத்தே ஆக வேண்டும். ஆகவே ஒரு காரியம் செய்யலாம்: எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். பத்து டீ-சர்ட் இருந்தால் ஒன்பதைக் கொடுங்கள். ஒன்று துவைக்காமல், வெட்டாமல் அப்படியே இருக்கட்டும். காற்றுப் போகாத உறையில் போட்டு வைத்தால் வாசம் கொஞ்ச காலம் நிற்கும். நிரந்தரமாக நிற்காது. அது யார் கையிலும் இல்லை.

கத்தரி வைக்கும் முன்...

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் கேளுங்கள்! ஆள் உயிரோடு, திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கிறான் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம். பொங்கலுக்கு வந்து நின்று, "அம்மா, என் ஜெர்சியை வெட்டிட்டியா!" என்று குதித்தால் ஒட்ட வைக்க முடியாது. வெட்டின துணி வெட்டினதுதான். வெட்டும் முன்பு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பனியன் துணி நெய்த துணி இல்லை, பின்னிய துணி. இழுத்த இழுப்புக்கு வரும். வெட்டியவுடன் ஓரம் பாய் மாதிரிச் சுருளும். சட்டைத் துணி தைத்துப் பழகியவர் அப்படியே மெஷினில் விட்டால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும். புதிதாகச் செய்கிறவர்களில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

மருந்து கேன்வாஸ். சட்டைக் காலருக்கு உள்ளே வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளுமே, அது. ஆனால் காலர் கேன்வாஸ் அட்டை மாதிரி விறைக்கும். ஒட்டும் கேன்வாஸிலேயே மெல்லிய ரகம் கேட்டு வாங்க வேண்டும்.

டீ-சர்ட்டின் இரு பக்கத் தையலையும் கையையும் வெட்டிப் பிரித்தால் முன்பக்கம் ஒரே தட்டாக வரும். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் 2 அங்குலம் தாராளமாக விட்டு வெட்டுங்கள். துணியைக் குப்புறப் போட்டு, உள்பக்கத்தில் கேன்வாஸை வைத்து இஸ்திரி போடுங்கள். அதன் பிறகுதான் சரியான அளவுக்கு வெட்ட வேண்டும். முதலில் அளவு, பிறகு கேன்வாஸ் என்று மாற்றிச் செய்தால் போச்சு! படத்தின் மேல் நேராக இஸ்திரிப் பெட்டி பட்டால் படம் பெட்டியோடு வந்துவிடும்.

கால்பந்து ஜெர்சி இன்னும் ஆபத்து. அது பாலியஸ்டர். சூடு தாங்காது. நடுவில் ஒரு பருத்தித் துணி போட்டு, சூட்டைக் குறைத்து, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்.

அளவுக் கணக்கு சுலபம். அட்டையில் 14 அங்குலச் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு அதன்படி எல்லாவற்றையும் வெட்டுங்கள். சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் போனால் நிகரம் 13 அங்குலம். குறுக்கே 3, நெடுக்கே 4 என்று 12 டீ-சர்ட் வைத்தால் 39-க்கு 52 அங்குலம், மடியில் போட்டுக்கொள்ளலாம். 4-க்கு 5 என்று 20 டீ-சர்ட் என்றால் 52-க்கு 65 அங்குலம். இன்னும் நீளம் வேண்டுமா? சதுரங்களுக்கு நடுவே பட்டை கொடுத்துத் தைக்கலாம். பட்டைக்குப் பழைய சேலைக் கரை எடுப்பாக இருக்கும்.

குழந்தைப் பருவச் சட்டை 14 அங்குலம் வராது. நாலைச் சேர்த்து ஒரு சதுரம் ஆக்க வேண்டியதுதான். மெஷினுக்குப் பின்னல் துணிக்கென்று முனை மழுங்கிய ஊசி விற்கிறது. கூர் ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும்.

பஞ்சு வேண்டாம்!

இப்போது ஸ்ரீமதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். போர்வை என்றால் நடுவில் பஞ்சு வைப்பது ஊர் உலக வழக்கம். இங்கே வேண்டாம். பஞ்சு வைத்த போர்வை ஜூலை மாதம் நனைந்தால் ஆகஸ்டிலும் காயாது. இலவம் பஞ்சு இன்னும் மோசம். துவைத்தால் ஒரு மூலையில் போய் உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும்.

எஸ்டேட்காரர்கள் கம்பளியை நினைப்பார்கள். தோட்டத் தொழிலாளிக்கு மழைக்கும் குளிருக்கும் கம்பளி, குடை கொடுக்கச் செய்ய 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே வழி செய்திருந்தது. கம்பளி உடம்புக்கு நல்லதுதான். பனியனோடு சேர்த்துத் தைத்தால் சரிப்படாது. தண்ணீரில் கம்பளி ஒரு விதமாகச் சுருங்கும், பனியன் வேறு விதமாக. போர்வை அப்பளம் மாதிரி நெளியும்.

ஆகவே நடுவில் ஒரு பழைய பருத்திப் போர்வை, அடியில் அம்மாவின் பழைய நூல் சேலை. அவ்வளவு போதும். மூன்று அடுக்கும் நகராமல் இருக்க ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. கை ஊசியில் கெட்டி நூல் கோத்துக் குத்தி முடிச்சுப் போட்டாலே நிற்கும்.

தையல்காரரிடம் கொடுத்தால் ஆகாதா? ஆகும். ஆனால் ஜாக்கெட்டும் யூனிபாரமும் தைக்கிற கடையில் சிலர் இதைக் கையில் வாங்கவே மாட்டார்கள். "லொள்ளு வேலைம்மா" என்று தள்ளிவிடுவார்கள். வாங்குகிறவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: வெட்டுவதை எங்கள் முன்னால் வெட்டுங்கள். எந்தப் பக்கம் வேண்டும், எந்தப் பக்கம் வேண்டாம் என்று அவருக்குத் தெரியாது. முன்பக்கம் பெரிய சிங்கப் படம் இருக்கும். அவர் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தைக் கழித்துவிடுவார். பின்பக்கத்தில்தான் கூட்டாளிகள் எல்லோரும் பேனாவில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! பேனா மையில் எழுதினது துவைத்தால் கரையும். அதற்கு முன்னால் எழுத்தின் மேலேயே நூலால் ஓட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து நூலெழுத்து ஆகிவிடும்.

கறை, ஒட்டு, ஓட்டை இவற்றைக் கழிக்க வேண்டாம். கேன்வாஸ் ஒட்டிய பிறகு ஓட்டை பெரிதாகாது. அந்த ஓட்டையைப் பார்த்துத்தானே, "இது வேலி தாண்டறப்ப கம்பி கிழிச்சது" என்று சொல்ல முடியும்?

கடைசியாக ஒரு மூலையில் பெயர், ஊர், வருஷம் தைத்துவிடுங்கள். 50 வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கிறவருக்கு 7-ம் நம்பர் ஜெர்சி யாருடையது என்று தெரிய வேண்டாமா? சித்திப் பெண்கள் மாதிரி மிச்சத் துணியை மடித்து மூலைக்கு ஒரு பூ வைத்தாலும் அழகுதான். அதற்கும் மிஞ்சிய கையும் கழுத்தும் அடுப்படியில் சட்டி இறக்கக் கைப்பிடித் துணி.

பெட்டியைக் கவிழ்ப்பதற்குப் பிப்ரவரி, மார்ச் நல்ல மாதம். சுள்ளென்று வெயில் அடிக்கும். துவைத்து, காயப் போட்டு, வெட்டி, தைத்து முடிக்க எப்படியும் சில வாரம் பிடிக்கும். மே கடைசிக்குள் முடித்துவிட வேண்டும். ஜூன் பிறந்துவிட்டால் கொடி மறுபடி அடுப்புக்கு மேலே போய்விடும்.